அட்டைப்படம்: ஏஐயா, ஓவியரா?

என் சிறுகதைத் தொகுப்புக்கு ஏஐ பத்தே நிமிடத்தில் அட்டை போட்டுக் கொடுத்தது. திண்ணை, அரிக்கேன் விளக்கு, ஒரு பாட்டி. பாட்டிக்கு இடது கையில் ஆறு விரல். அதைச் சரிசெய்துவிடலாம். ஆனாலும் கடைசியில் நாலாயிரம் ரூபாய் கொடுத்து ஓவியரிடம்தான் போனேன்.

செலவிலும் வேகத்திலும் ஏஐதான் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. என்னை உறுத்தியது ஒரே கேள்வி. நாளைக்கு இதே படத்தை வேறொருவர் தன் புத்தகத்துக்குப் போட்டுக்கொண்டால், நான் எந்த உரிமையில் கேட்பது?

என் புத்தகம் கிண்டில் மின்னூலாக அமெரிக்காவிலும் விற்பதால் அங்கே என்ன நிலை என்று பார்த்தேன். மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் படம் போட்ட 'ஸர்யா ஆஃப் த டான்' காமிக்ஸுக்கு, 2023 பிப்ரவரியில் அந்த நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் எழுத்துக்கும் அடுக்கிய விதத்துக்கும் மட்டும் உரிமை தந்தது. படங்களுக்கு இல்லை. வெறும் பிராம்ப்ட், அதாவது ஏஐக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளை, மட்டும் போதாது என்று 2025 ஜனவரி அறிக்கையிலும் சொல்லிவிட்டார்கள். ஏஐ படத்தின் மேல் கையால் வேலை செய்தால் அந்தப் பங்குக்குக் கிடைக்கலாமாம். நான் செய்து பார்த்ததில்லை.

நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டம் கொஞ்சம் தாராளம். கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. ஆனால் அது இன்றைய ஏஐ வருவதற்கு முன், 1994இல் சேர்த்த வரி. அதை நம்பிக் கோர்ட் படியேற எனக்குத் தெம்பில்லை.

ஓவியர் என்றால் உரிமைச் சிக்கலே வராது என்றும் நினைத்துவிடாதீர்கள். நானே கோட்டை விட இருந்தேன். "யூஸ் பண்ணிக்கோங்க சார்" என்ற வாட்ஸப் பதிலை வைத்துக்கொண்டு உரிமை என் கைக்கு வந்துவிட்டது என்றிருந்தேன். ஓவியர் தன் உரிமையை எனக்கு மாற்றித் தருவதென்றால், சட்டத்தின் 19ஆம் பிரிவு கையெழுத்திட்ட எழுத்து கேட்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். மின்னூல் வெளிநாட்டில் விற்கும்போது இது சின்ன விஷயமா? அப்புறம் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதினோம்: அச்சு, மின்னூல், உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும். அசல் ஓவியம் அவரிடமே இருக்கும்.

விளம்பரப் போஸ்டருக்கு இன்னமும் ஏஐதான் பயன்படுத்துகிறேன். ஒரு வாரத்தில் கிழிந்துபோகும் படத்தை யார் எடுத்தால் என்ன?

ஓவியரோடு எழுதிய அந்த அரைப் பக்கத்தில் "ஏஐ பயன்படுத்தவில்லை" என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், சங்கடத்தோடுதான். ஓவியர் கோபித்துக்கொள்ளவில்லை. பென்சில் கோடுகளும் ரப்பர் துகள்களுமாக முதல் ஸ்கெட்சைப் போட்டோ எடுத்து அனுப்பினார். பாட்டிக்கு ஐந்து விரல்தான்.