முழு மீனா, மீன் கருவா: 96 மணி நேர நச்சுச் சோதனைக்கு எது?

ஒரு வேதிப்பொருள் நீரில் எவ்வளவு கலந்தால் நன்னீர் மீன்களில் பாதி சாகும் என்ற செறிவை (எல்சி50) கண்டறிய எந்த முறை என்று குழம்புபவர்களுக்காக. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் சோதனை வழிகாட்டிகளில் 203-ஆம் எண் (ஓஇசிடி 203) முழு மீனில் செய்வது. 2013-இல் வந்த ஓஇசிடி 236 வரிக்குதிரை மீனின் கருவில் செய்வது. இரண்டுக்கும் 96 மணி நேரம்.

உயிர்கள்
மீன்: செறிவுக்குக் குறைந்தது 7. ஐந்து செறிவும் நஞ்சு கலக்காத ஒப்பீட்டுத் தொட்டியும் சேர்த்து 42 மீன்கள்.
கரு: செறிவுக்கு 20. ஆனால் குஞ்சு தானாக இரை தேடும் பருவத்துக்கு முன்பே சோதனை முடிந்துவிடும். அதுவரை துன்பம் குறைவு என்று கருதப்படுகிறது. கருவைத் தேர்ந்தெடுக்க எனக்கு இதுவே பெரிய காரணம். மூச்சுக்குத் தவிக்கும் மீனைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

இடம்
மீன்: தொட்டிகள், நிறைய கரைசல், அத்தனையும் நச்சுக் கழிவு.
கரு: 24 குழித் தட்டு, 26 டிகிரி வெப்பம், நுண்ணோக்கி.

நம்பகம்
பெரும்பாலான பொருட்களுக்கு இரண்டின் முடிவும் நெருங்கியே வரும். நரம்பைத் தாக்கும் சில பூச்சிக்கொல்லிகளின் கடுமையைக் கரு குறைத்துக் காட்டலாம். பெரிய மூலக்கூறுகளை முட்டையுறை தடுத்துவிடும்.

பல பொருட்களை வடிகட்டிப் பார்க்கக் கருவே போதும். நரம்பு நஞ்சு என்றாலோ, ஒழுங்குமுறை அமைப்பு முழு மீன் தரவையே கேட்டாலோ மட்டும் 203-க்குப் போங்கள்.