பிஎச்பியின் ஃபார் லூப்: பல வருடம் பாவித்த அனுபவம்

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்கு அறை முன்பதிவுப் பக்கங்கள் செய்து கொடுப்பது என் தொழில். அதனால் வலைப்பக்கங்களுக்கான நிரல்மொழியான பிஎச்பியில் நான் ஓயாமல் எழுதுவது நாட்காட்டி, நாட்காட்டி என்றாலே ஃபார் லூப், அதாவது ஒரே கட்டளைகளை எண்ணி எண்ணித் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் அமைப்பு. இத்தனை வருடம் பாவித்தும் எனக்கு அது அலுக்கவில்லை.

அடைப்புக்குள் மூன்று பகுதி. முதலாவது தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை ஓடும், நடுவில் உள்ள நிபந்தனை ஒவ்வொரு சுற்றும் தொடங்குமுன் பார்க்கப்படும், கடைசிப் பகுதி சுற்று முடிந்தபின் எண்ணைக் கூட்டும். நிபந்தனையை முன்கூட்டியே பார்க்கிறதே, அதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மாதத்தின் முதல் வரியில் 1ஆம் தேதிக்கு முன்னால் எத்தனை வெற்றுக் கட்டம் வேண்டுமோ அத்தனையை ஒரு லூப் போடும். 2026 பெப்ரவரி போல ஞாயிறில் தொடங்கும் மாதத்துக்கு அந்த எண்ணிக்கை 0, ஆகவே லூப் உள்ளேயே போகாது, அதற்கென்று தனியாக ஒரு இஃப் (நிபந்தனைக் கட்டளை) எழுதத் தேவையில்லை. நிபந்தனையைச் சுற்றின் முடிவில் பார்க்கும் டூ வைல் லூப் என்றால் எப்படியும் ஒரு கட்டத்தைப் போட்டுவிட்டுத்தான் நிற்கும்.

குறை இல்லாமல் இல்லை. லூப் முடிந்தாலும் எண்ணும் மாறி (எண்ணைச் சேமித்து வைக்கும் பெயர்) அழியாது, 31 நாள் மாதத்தை எண்ணி முடித்தால் அதில் 32 நிற்கும். கடைசி வரியின் வெற்றுக் கட்டங்களைக் கணக்கிட அது உதவும், சரி. ஆனால் என்னிடம் பழக வரும் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்: இங்கே சீசன் மே முதல் செப்டம்பர் வரை என்பதால் 5இலிருந்து 9 வரை வெளி லூப், அதற்குள்ளே நாட்களுக்கு இன்னொன்று, இரண்டுக்கும் ஐ என்றே பெயர். மே முடியும்போது ஐ 32, வெளி லூப் அதை 33 ஆக்கும், 9ஐத் தாண்டியாயிற்று, திரையில் மே மட்டும் இருக்கும், எரர் ஒன்றும் வராது! மாதத்துக்கு எம், நாளுக்கு டி என்று வெவ்வேறு பெயர் வைத்தால் போதும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழியில் 2015இல் வந்த, மாறியை அறிவிக்கும் லெட் என்ற சொல், உள் லூப்பின் ஐயை வெளியே கசிய விடாது. பிஎச்பியிலும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

தரவுத்தளத்தைக் கேட்கும் ஃபங்ஷனை (பெயர் சொல்லி அழைக்கும் கட்டளைத் தொகுப்பை) நிபந்தனைக்குள் வைக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை அது ஓடும். லூப்புக்கு முன்பே விடையை ஒரு மாறியில் எடுத்து வையுங்கள்.

அப்புறம் எழுத்துகள். அறைகளுக்கு ஏ, பி, சி என்று பெயரிட ஏயில் தொடங்கி, இசட்டுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கும்வரை கூட்டிக்கொண்டே போனால் 26 அல்ல, 676 பெயர் வரும். இசட்டைக் கூட்டினால் ஏஏ ஆகிறது, எழுத்து வரிசைப்படி அது இசட்டுக்கு முந்தியது, ஆகவே ஒய்இசட் வரை ஓடித்தான் நிற்கும். அந்த வேலைக்கு எழுத்துப் பட்டியலைத் தரும் ரேஞ்ச் ஃபங்ஷனும், அதை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார்ஈச் லூப்பும் போதும்.