இதயத்துக்கான முழு உடல் பரிசோதனை: இடுப்பை அளக்காத அறிக்கை

சென்னையில் ஒரு பரிசோதனை நிலையம் இதயத்துக்கான சிறப்புத் தொகுப்பு என்று சொல்லி 2,400 ரூபாய்க்குத் தரும் முழு உடல் பரிசோதனையைச் சென்ற மாதம் செய்துகொண்டேன். எனக்கு வயது 43. அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்தாண்டு முன்னதாகவே வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியிருப்பதால், நம் உடம்புக்கு ஏற்றபடி மதிப்பிடுகிறார்களா என்பதையே முதன்மையாகக் கவனித்தேன்.

இரத்தம் எடுத்ததில் குறையில்லை. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் போனேன். பத்து நிமிடத்தில் முடிந்தது, மாலைக்குள் அறிக்கையும் கைப்பேசிக்கு வந்துவிட்டது. இரத்த அழுத்தத்தை மட்டும், இரண்டு மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பார்த்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்ப்பதுதான் முறை.

அறிக்கையில்தான் பெரிய குறை. 168 செ.மீ. உயரம், 68 கிலோ எடை, உடல் நிறைக் குறியீடு 24.1, அதற்கு நேரே பச்சை எழுத்தில் 'இயல்பு' என்று அச்சாகியிருந்தது. பொது அளவுகோலில் 25 வரை இயல்புதான். ஆனால் அதே எடையிலும் நம் உடம்பில் தசை குறைந்து கொழுப்பு கூடியிருப்பதாலும், அந்தக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றைச் சுற்றியே சேர்வதாலும், இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை தொடங்கிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஓர் இன்ச் டேப் போதும். வைட்டமின் டி, தைராய்டு என்று பக்கம் பக்கமாக நீண்ட அறிக்கையில் இடுப்புச் சுற்றளவுக்கு ஒரு வரிகூட இல்லை. வீட்டில் அளந்தேன், 94 செ.மீ. இருந்தது. நம்மவர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதே வரம்பு.

மூன்று மாதச் சராசரி சர்க்கரை (எச்பிஏ1சி) 5.9 சதவீதம், இரத்தக் கொழுப்பு வகையான ட்ரைகிளிசரைடு 188, நல்ல கொழுப்பு 36. தனித்தனியே பார்த்தால் எல்லாம் சற்றே விலகியவை. இடுப்பளவோடு சேர்த்துப் பார்த்தால் அதற்கு வளர்சிதை மாற்றக் கோளாறு என்றே பெயர். ஆலோசனை தந்த மருத்துவர் "எண்ணெயைக் குறையுங்கள்" என்று நான்கு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். அப்பாவைப் பற்றி அங்கே யாருமே கேட்கவில்லை என்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. சென்னை மருத்துவர் மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண், ஒரு சொட்டு இரத்தமும் எடுக்காமல், வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோரின் சர்க்கரை நோய் என்ற நான்கை மட்டும் கேட்கிறது. நானே போட்டுப் பார்த்தேன். 100-க்கு 70 வந்தது. 60 வந்தாலே அபாயம் அதிகம்.

சர்க்கரையும் கொழுப்பும் மட்டும் பார்க்க வேண்டியவர்கள் அங்கே தாராளமாகப் போகலாம், ஆனால் தொகுப்பாக வாங்க வேண்டாம். வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்கவேண்டிய லிப்போபுரோட்டீன் ஏ (மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும் ஒருவகைக் கொழுப்புப் புரதம்) அந்தத் தொகுப்பில் இல்லை. வேறொரு லேபில் தனியாகப் பணம் கட்டிப் பார்த்ததில் 62 மி.கி. வந்தது, 50-ஐத் தாண்டினாலே அதிகம். அது பரம்பரையாக வருவது என்பதால், வரும் ஞாயிறன்று என் தம்பியையும் அதே லேபுக்கு அழைத்துப் போகிறேன்.