வரிசையா, சென்னையா, வாராந்திர ஊசியா?

2019 மார்ச்சில் லண்டனில் எங்கள் ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர், எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் வேண்டும் என்று முதல் கடிதம் எழுதினார். 2023 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆபரேஷன் நடந்தது. நான்கு வருடம் எட்டு மாதம். இதற்கு நடுவில் என் அத்தை மகன் சென்னைக்குப் போய், வயிற்றில் ஐந்து துளை போட்டு, இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, ஐந்தாவது வாரம் லண்டன் ஈஸ்ட் ஹாமுக்குத் திரும்பிவிட்டார். மச்சினன் இரண்டு வழியும் வேண்டாம் என்று வாராவாரம் எடை குறைக்கும் ஊசி போடுகிறான். ஒரே குடும்பத்தில் மூன்று வழி. விசேஷ வீட்டில் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் யாராவது வந்து, "இதில் எதுப்பா நல்லது?" என்று கேட்காமல் போவதில்லை.

என் பக்கம் எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரசு மருத்துவமனையின் காத்திருப்பு வரிசைதான். ஆனால் இலவசம் என்பதற்காக இல்லை.

யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கே என்.எச்.எஸ்.ஸில், அதாவது அரசு மருத்துவச் சேவையில், பி.எம்.ஐ. (உயரத்தை வைத்துப் பார்க்கும் எடைக் கணக்கு) 40-க்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை மாதிரி ஒரு நோய் இருக்க வேண்டும். தெற்காசியர்களுக்கு இந்த எண்களில் 2.5 குறைத்துக் கணக்கிடுவார்கள், ஏனென்றால் நம் உடம்பு குறைந்த எடையிலேயே சர்க்கரைக்கு ஆளாகிவிடுகிறது. அப்போது நான் 122 கிலோ, உயரம் 172 சென்டிமீட்டர், பி.எம்.ஐ. 41. ஏழு வருடச் சர்க்கரை, தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருவதற்காக முகத்தில் மாட்டும் சீபேப் இயந்திரம். தகுதியில் ஒரு குறையும் இல்லை. தகுதி இருந்தால் வரிசையில் நிற்க விடுவார்கள், அவ்வளவுதான்.

நேராக ஆபரேஷன் மேஜைக்குப் போக முடியாது. முதலில் மூன்றாம் படி என்று ஒன்று: டயட்டீஷியன், மனநல நிபுணர், சர்க்கரை டாக்டர் எல்லோரும் சேர்ந்த ஒரு குழுவிடம் மாதக்கணக்கில் போய்வர வேண்டும். அங்கே தேறினால்தான் நான்காம் படி, அதாவது அறுவை சிகிச்சைக் குழு. எனக்கு மூன்றாம் படி கூப்பிடுவதற்கு முன்பே கோவிட் வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. 2021-ல் மறுபடி தொடங்கியபோது எங்கள் குழுவில் 14 பேர். முடிக்கும்போது பாதிப்பேர்கூட இல்லை. நாங்கள் மில்டன் கீன்ஸுக்கு வீடு மாறுவதாக இருந்தோம். வேறு பகுதி என்றால் பணம் ஒதுக்கும் வாரியமும் வேறு, வரிசையில் என் இடம் என்னாகும் என்பதற்கு யாரும் உறுதி தரவில்லை. வீட்டையே தள்ளிப்போட்டோம். இதற்குள் ஒரு சர்க்கரை மாத்திரை மூன்றாகிவிட்டது, முழங்காலும் போய்விட்டது. காத்திருப்பில் நஷ்டமே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்.

லாபமும் உண்டு. இரவு ஷிஃப்ட் முடிந்து விடியற்காலை நாலரைக்கு நான் சாப்பிடுவது பசியால் இல்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வதற்காக என்பது மனநல நிபுணருடன் பேசிய நான்காவது சந்திப்பில்தான் புரிந்தது. இரைப்பையைச் சுருக்கினால் அந்தப் பழக்கமும் சேர்ந்து சுருங்கிவிடாது.

சென்னைக்கு வருவோம். அத்தை மகனுக்கு மூன்றே வாரத்தில் தேதி கிடைத்தது. எல்லாம் சேர்த்து நாலரை லட்சம் ரூபாய் ஆனதாகச் சொன்னார், டிக்கெட் தனி. லண்டனில் தனியாரிடம் எனக்குச் சொன்ன தொகை 10,000 பவுண்டைத் தாண்டியது. டாக்டரைப் பற்றியோ ஆபரேஷனைப் பற்றியோ அவருக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. எனக்கு இங்கே கொடுத்த உணவுத் தாளில் உருளைக்கிழங்கு மசியலும் தக்காளி சூப்பும் இருந்தன. அவருக்கு அங்கே பருப்புத் தண்ணீர், மோர், ராகிக் கஞ்சி எல்லாம் எத்தனை மில்லி என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அத்தை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். அந்த முதல் மாதத்தை மட்டும் வைத்துக் கேட்டால் நானும் சென்னையைத்தான் சொல்வேன்.

சிக்கல் ஹீத்ரோவில் இறங்கிய பிறகு ஆரம்பித்தது. ஆபரேஷன் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ. அதற்குப் பிறகான பராமரிப்பு ஆயுள் முழுக்க. எனக்குச் செய்தது பைபாஸ். (அம்மாவிடம் திருச்சிக்குப் போன் செய்து "பைபாஸ்" என்றதும், நெஞ்சில்தான் ஏதோ என்று அழ ஆரம்பித்துவிட்டார். வயிறு என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது.) இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பை ஒன்றை ஒதுக்கி, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே தள்ளி இருக்கும் பகுதியோடு இணைத்துவிடுவார்கள். உணவு குடலின் முதல் பகுதியைத் தொடாமலே போகும். இரும்பும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில்தான். அத்தை மகனுக்குச் செய்தது ஸ்லீவ். அதில் குடலைத் தொட மாட்டார்கள், இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குழாய் மாதிரி ஆக்குவார்கள். "குடலைத் தொடலையே, எனக்கு எதுக்கு மாத்திரை?" என்று அத்தை மகன் கேட்டது இதனால்தான். ஆனால் பி12-ஐ உடம்பு எடுத்துக்கொள்ளத் தேவையான பொருள் சுரப்பதே இரைப்பையில். முக்கால் இரைப்பை போனால் அதுவும் குறையும்.

அவர் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டார், அப்புறம் விட்டுவிட்டார். ஜி.பி.யிடம் போனபோது, வெளிநாட்டில் தனியாகச் செய்த ஆபரேஷனுக்கு முதல் இரண்டு வருடக் கண்காணிப்பு அந்த ஆபரேஷனைச் செய்தவர்களுடைய பொறுப்பு என்றார்கள். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே என்.எச்.எஸ்.ஸில் செய்தாலும் குறைந்தது இரண்டு வருடம் அறுவை சிகிச்சைக் குழுதான் பார்க்க வேண்டும் என்பது விதி, அதற்குப் பிறகுதான் வருடம் ஒருமுறை ஜி.பி. பார்ப்பார். அவசரம் என்றால் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆனால் அவருக்கு வந்தது அவசரம் இல்லையே. களைப்பு, கொத்துக் கொத்தாக முடி, பாதத்தில் மரமரப்பு. சர்க்கரையால் வந்த மரமரப்பு என்று அவரே முடிவுகட்டி ஏழெட்டு மாதம் ஓட்டிவிட்டார். கடைசியில் வேறு எதற்கோ எடுத்த ரத்தத்தில்தான் பி12 தரைமட்டத்தில் இருப்பது தெரிந்தது. இப்போது ஊசி போடுகிறார். மரமரப்பு முழுசாகப் போகவில்லை.

என் கதையிலும் ஒரு இடறல் உண்டு. நான்காவது மாதம், ஒரு கல்யாண வரவேற்பில் இரண்டு வாய் பிரியாணி. அடைத்துக்கொண்டது. அன்று தொடங்கிய வாந்தி மூன்று நாளாக நிற்கவில்லை. நர்ஸின் நேரடி எண்ணை ஆபரேஷன் அன்றே கொடுத்திருந்தார்கள், கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன சாப்பிட்டீர்கள் என்பது இல்லை, "எத்தனை நாளாக?" என்பது. மூன்று என்றதும் அன்று மதியமே வரச்சொல்லி தயமின் கொடுத்தார்கள். தயமின் என்பது பி1 வைட்டமின். உடம்பில் அதன் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். சாப்பாடும் குறைந்து வாந்தியும் தொடர்ந்தால் அது தீர்ந்து, மூளையையே பாதித்துவிடும். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. அந்த எண்ணுக்கு மறுமுனையில் இதைத் தெரிந்த ஒருவர் இருந்தார். நான் நான்கு வருடம் எட்டு மாதம் கொடுத்து வாங்கியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

என் வழக்கம் இப்போது இது: காலையில் சத்து மாத்திரையும் இரும்பும், டீ குடிப்பதற்கு வெகுநேரம் முன்பே. கால்சியமும் டி வைட்டமினும் அதிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி, சேர்த்து விழுங்கினால் ஒன்றை ஒன்று கெடுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையில் பி12 ஊசி. வருடாந்திர ரத்தப் பரிசோதனையில் இரும்பு, ஃபோலேட், பி12, கால்சியம், டி வைட்டமின், பாராதைராய்டு ஹார்மோன், துத்தநாகம், செம்பு என்று ஒரு பட்டியல். வலி மாத்திரையில் ஐபுபுரூஃபன் வகை எதுவும் கூடாது, பைபாஸ் செய்த இடத்தில் புண் வந்துவிடும். போன தடவை திருச்சிக்குப் போயிருந்தபோது முதுகுவலி என்றதும் மருந்துக்கடைக்காரர் ஒரு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தார். திருப்பிப் பார்த்தால் டைக்ளோஃபெனாக், அதே வகை. பாரசிட்டமால் போதும் என்று மாற்றி வாங்கினேன்.

இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எல்லா மருந்தும் இலவசம். உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆபரேஷன் முடிந்து சர்க்கரை மாத்திரைகள் மொத்தமும் நின்றதும் நான் அந்தச் சலுகையை இழந்தேன். இப்போது ஒரு மருந்துக்கு 9 பவுண்டு 90 பென்ஸ். நோய் தணிந்ததற்கு அபராதம் கட்டுவது மாதிரி இருக்கிறது. வருடச் சந்தாவாக 114 பவுண்டு 50 பென்ஸ் கட்டிவிட்டால் தொல்லையில்லை, அதைத்தான் செய்கிறேன்.

அரசு வழியில் எல்லாம் தானாக நடக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு வருடம் முடிந்து போன குளிர்காலத்தில் அறுவை சிகிச்சைக் குழு என்னை விடுவித்தது. முதல் வருடாந்திரப் பரிசோதனைக்கு நானேதான் ஜி.பி.யைக் கேட்க வேண்டியிருந்தது. கொடுத்த படிவத்தில் செம்பும் இல்லை, துத்தநாகமும் இல்லை. விடுவிப்புக் கடிதத்தைப் போனில் திறந்து காட்டினேன். வரவேற்பில் இருந்தவர் கணினியில் தேடினார், அதே கடிதம் அங்கேயும் இருந்தது. ஐந்து நிமிடத்தில் புதுப் படிவம் வந்தது. அத்தை மகனிடம் இருப்பதும் நல்ல அறிக்கைதான், சொல்லப்போனால் என்னுடையதைவிட விவரமானது. ஆனால் அது அவர் வீட்டு அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இருக்கிறது.

ஸ்லீவா பைபாஸா என்பதில் நான் அதிகம் யோசிக்கவில்லை. எனக்கு முன்பே நெஞ்செரிச்சல் உண்டு, ஸ்லீவ் அதைக் கூட்டக்கூடும் என்று டாக்டர் சொன்னார். சரி, பைபாஸ் என்றேன்.

ஊசியைப் பற்றி நான் சொல்வதை அரைக் காது கொடுத்துக் கேட்டால் போதும், ஏனென்றால் நான் போட்டதில்லை. மச்சினன் 2024 கோடையிலிருந்து சொந்தக் காசில் மவுஞ்சாரோ என்ற ஊசியைப் போடுகிறான், 19 கிலோ இறங்கியிருக்கிறான். கத்தி இல்லை, விடுப்பு எடுக்க வேண்டியதில்லை, வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தினால் என்னவாகும் என்பதுதான் கேள்வி. இதே மாதிரி இன்னொரு ஊசி மருந்தான செமாக்ளுடைடை நிறுத்தியவர்களைக் கவனித்த ஆய்வில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பியது. ஆக இதற்கும் பராமரிப்பு உண்டு, அது மாதாமாதம் பணமாக வருகிறது. 2025 செப்டம்பரில் பிரிட்டனில் மவுஞ்சாரோவின் விலையை ஒரேயடியாக ஏற்றியபோது அவன் மருந்தளவைக் குறைத்துக்கொண்டான். 2025 ஜூனிலிருந்து ஜி.பி. வழியாகவும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் முதல் கட்டத்தில் பி.எம்.ஐ. 40, நமக்கு 37.5, அதோடு குறிப்பிட்ட ஐந்து நோயில் நான்கு இருக்க வேண்டியிருந்தது. அவனுக்கு ஒன்றுதான் இருக்கிறது. 2019-ல் என் ஜி.பி. இந்த ஊசியை நீட்டியிருந்தால் நான் வாங்கியிருப்பேனா? வாங்கியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

ஆபரேஷன் பக்கம் நீண்ட காலக் கணக்கு இருக்கிறது. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வில், 20 வருடம் கழித்தும் சராசரியாக 18 சதவீதம் எடை குறைந்தே இருந்தது. என் கணக்கு இரண்டு சொச்சம் வருடம்தான். 122-லிருந்து 81-க்கு இறங்கினேன், இப்போது 85. இந்த நாலு கிலோ இங்கேயே நிற்குமா என்பது ஐந்து வருடம் கழித்துக் கேட்க வேண்டிய கேள்வி. முகமூடி இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வயிற்றில் தொங்கும் தோல் அப்படியே இருக்கிறது, அதை எடுக்க அரசு பெரும்பாலும் பணம் தருவதில்லை.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 20 பென்ஸ் நாணய அளவுக்கு ஒரு வாய், 20 தடவை மெல்ல வேண்டும், அடுத்த வாய்க்கு முன் 20 நொடி, 20 நிமிடத்தில் தட்டை நகர்த்திவிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. எனக்கு இட்லி இறங்குகிறது, குழைந்த சோறு அடைக்கிறது. கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர் முகம் சுருங்கும்போது மட்டும்தான் கொஞ்சம் சங்கடம்.

சென்னைக்கோ துருக்கிக்கோ போவதாக முடிவு செய்துவிட்டவர்களை நான் தடுக்க மாட்டேன். சர்க்கரை ஏறிக்கொண்டே போகிற ஒருவரிடம் ஐந்து வருடம் பொறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. டிக்கெட் போடுவதற்கு முன் உங்கள் ஜி.பி.யிடம் போய், திரும்பி வந்ததும் இந்தப் பரிசோதனைகளைச் செய்வீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால், இரண்டு வருடத்துக்கு இங்கேயே பணம் கொடுத்துப் பார்க்கும் டயட்டீஷியனின் செலவையும் அந்த நாலரை லட்சத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். வந்த அன்றே அறிக்கையின் நகலை அவர்கள் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள்.

அத்தை மகனுக்கு அந்த வேலையை இப்போதுதான் செய்துகொண்டிருக்கிறோம். போன மாதம் இருவரும் ஒரே நாளில் ரத்தம் கொடுக்கப் போனோம். எனக்கு ஏழு குப்பி எடுத்தார்கள். அவருக்கு இரண்டு.