ராணுவ உபரித் தோட்டாப் பெட்டிகள்: ரப்பரைப் பார்த்து வாங்குங்கள்

உபரிக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பச்சை நிறத் தோட்டாப் பெட்டிகளை வாங்க வருபவர்கள் முதலில் இரும்பைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். கொக்கியை இரண்டு முறை திறந்து மூடி, "டக்" என்று விழும் சத்தத்தில் திருப்தியாகி, தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரும்பில் பெரும்பாலும் குறை இருக்காது. குறை வந்தால் மூடியின் உட்புறத்தில் ஓடும் ரப்பர் பட்டையில் வரும், அல்லது அது வந்து உட்காரும் விளிம்பில் வரும். அந்த இரண்டும் சரியாக இருந்தால் இந்த விலைக்கு இதைவிட நல்ல சேமிப்புப் பெட்டி கிடையாது. சரியில்லை என்றால் கையில் இருப்பது கனமான தகர டப்பா, அவ்வளவுதான்.

அமெரிக்க ராணுவப் பெட்டிகளில் அதிகம் புழங்குவது எம்2ஏ1. "ஃபிஃப்டி கேல்" (0.50 அங்குலத் தோட்டாவுக்கானது) என்று சொல்வது இதைத்தான். உள்ளளவு சுமார் 28 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம், கொள்ளளவு ஏறக்குறைய 7 லிட்டர், வெறும் பெட்டியே இரண்டரை கிலோ. இதன் தம்பி எம்19ஏ1, அதாவது "தர்ட்டி கேல்". நீளமும் உயரமும் கொஞ்சம்தான் குறைவு, ஆனால் அகலம் 9 செ.மீ. மட்டுமே. கை உள்ளே போய் அடியில் கிடப்பதை எடுக்கச் சிரமப்படும் என்பதால் சில்லறைச் சாமான் போட இது ஆகாது. நீளமான, தட்டையான பொருளுக்கு மட்டும் வாங்கலாம். எம்2ஏ1-ஐவிட அகலமாகவும் உயரமாகவும் பிஏ-108 என்று ஒன்று உண்டு. "ஃபேட் ஃபிஃப்டி" என்ற பெயரில் விற்பார்கள். இந்த நான்கில் பெரியது 20 மி.மீ. தோட்டாவுக்கான எம்548. அது வெறுமையாகவே 11 கிலோவைத் தாண்டும், மூடி கீலில் தொங்காமல் முழுதாகக் கழன்று வரும். முதல் பெட்டி வாங்குபவருக்கு எம்2ஏ1 போதும். சந்தேகம் வேண்டாம்.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை இது. மூடியை முழுதாகத் திறந்து, பக்கவாட்டில் நகர்த்தினால் கீலிலிருந்து தனியே வந்துவிடும் (எம்2ஏ1, எம்19ஏ1 இரண்டிலும்). வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து ரப்பரைச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். விளிம்பு பதிந்த தடம் ஒரு பள்ளமாகத் தெரியும். அது இயல்புதான். அழுத்திவிட்டு விட்டால் ரப்பர் மீண்டு எழ வேண்டும். மீளாமல் மெழுகுபோல் இறுகியிருந்தாலோ, நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தாலோ, நான்கு மூலைகளில் எங்காவது மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ அந்த ரப்பர் முடிந்தது. மூலைகளை இரண்டு முறை பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அடுத்து, பெட்டியின் மேல் விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டுங்கள். உடம்பில் விழுந்த ஒடுக்கு ஒன்றும் செய்யாது, விளிம்பில் விழுந்த சின்ன ஒடுக்குகூடப் பெட்டியைக் கெடுத்துவிடலாம். கடைசியாக, மூடியை மாட்டி, ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். கிழியும் அளவுக்கு இறுகப் பிடிக்க வேண்டும். நான்கு பக்கமும், நான்கு மூலையும் என எட்டு இடத்தில் செய்தால் இரண்டு நிமிடம் ஆகும். வழுக்கிக்கொண்டு வரும் இடம்தான் நாளை தண்ணீர் நுழையும் இடம்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ச் சோதனை. பெட்டியைக் குளிர்ந்த நேரத்தில் மூடி, 45 டிகிரி அளவில் சூடான தண்ணீர் நிரம்பிய தொட்டியில் அமிழ்த்துங்கள். காலிப் பெட்டி மிதக்கும், அமுங்க ஏழு கிலோ அளவுக்குப் பாரம் வேண்டும். உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியப் பார்க்கும். ஓட்டை இருந்தால் அந்த இடத்திலிருந்து குமிழிகள் வரிசையாக எழும். முதல் ஒரு நிமிடம் வரும் குமிழிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவை கைப்பிடிக்கு அடியிலும் கொக்கியின் மடிப்பிலும் ஒட்டியிருந்த காற்று. அதன்பிறகும் ஒரே இடத்திலிருந்து விடாமல் வந்தால், அங்கே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த டிஷ்யூ காகிதத்தைப் போட்டு ஓர் இரவு அமிழ்த்தி வைப்பதும் நல்ல சோதனைதான், ஆனால் அது கசிகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். எங்கே என்பதைக் குமிழிதான் காட்டும்.

மாற்று ரப்பர் தனியாகக் கிடைக்கிறது. பழையதைப் பிடுங்கி, தடத்தில் ஒட்டியிருக்கும் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பதிக்க வேண்டும். பசையின் மேலேயே வைத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். நல்ல நிலையில் இருக்கும் ரப்பருக்கு வருடத்துக்கு ஒருமுறை சிலிக்கோன் கிரீஸை விரல் நுனியில் எடுத்து மெல்லியதாகத் தடவினால் போதும். வண்டிக்குப் போடும் கிரீஸும் வாஸ்லினும் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் சில வகை ரப்பரை ஊதி இளக வைத்துவிடும்.

ரப்பர் நன்றாக இருந்தால் வரும் ஒரு வில்லங்கத்தையும் சொல்ல வேண்டும். வெயிலில் சூடாகக் கிடந்த பெட்டியை மூடி, இரவில் குளிர்ந்தபின் திறக்கப் போனால் கொக்கி விடுபடும், மூடி அசையாது. 45 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு இறங்கினால் உள்ளே அழுத்தம் ஆறு சதவீதம் குறையும். எம்2ஏ1 மூடியின் பரப்புக்கு அது சுமார் 25 கிலோ எடையை மேலே ஏற்றி வைத்ததற்குச் சமம். இந்த இடத்தில்தான் பலர் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பி, நல்ல ரப்பரை அறுத்துவிடுகிறார்கள். பெட்டியைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் போதும், தானே விட்டுக்கொடுக்கும்.

ஈரம் பற்றிப் பரவலாக ஒரு தவறான கணக்கு இருக்கிறது. ஒரு பாக்கெட் சிலிக்கா ஜெல் போட்டால் உள்ளே எல்லாம் காய்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். 30 டிகிரியில் முழு ஈரம் ஏறிய காற்று ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் நீரைத் தாங்கும். 7 லிட்டர் பெட்டிக்கு அது வெறும் 0.2 கிராம்தான். காற்றின் ஈரத்தை உறிஞ்ச ஒரு சின்னப் பாக்கெட் தாராளம். ஈரம் வருவது பொருளிலிருந்து. மழைக்காலத்தில் வெளியே கிடந்த ஒரு கிலோ காகிதம் எண்பது கிராமுக்குக் குறையாமல் நீரைச் சுமந்திருக்கும். மரப்பிடி, அட்டைப்பெட்டி, துணிப்பை எல்லாமே அப்படித்தான். 50 கிராம் சிலிக்கா ஜெல் பத்துப் பன்னிரண்டு கிராம் இழுத்ததும் தளர்ந்துவிடும். மீதி ஈரம் பெட்டிக்குள்ளேயே சுற்றிவந்து, இரவுக் குளிரில் இரும்புச் சுவரில் வியர்த்து, கருவிகளில் துருவாக இறங்கும். வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே விடாத ரப்பர் உள்ளே இருக்கும் தண்ணீரையும் வெளியே விடாது. அதனால் பொருளை முதலில் காய வையுங்கள், அட்டையைக் கழற்றி எறியுங்கள், அதன்பிறகு ஜெல் போட்டு மூடுங்கள். ஆரஞ்சு நிறம் காட்டும் ஜெல் வாங்குவது நல்லது. நீலத்தில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு உப்பு இருக்கிறது. நிறம் மாறியதும் 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும்.

கைக்கருவிகள், அளவுக் கருவிகள், கேமரா லென்ஸ், முதலுதவிச் சாமான், வண்டியில் வைக்கும் கயிறு, கொக்கி, ஷாக்கிள் ஆகியவற்றுக்கு எம்2ஏ1 நிறைவாக இருக்கும். கேமராவுக்கு மட்டும் அடியிலும் சுவரிலும் நுரை வைத்தாக வேண்டும், இரும்பு அதிர்ச்சியை அப்படியே உள்ளே கடத்தும். வெல்டிங் செய்பவர்கள் ராடு வைக்க வாங்குவதுண்டு. 350 மி.மீ. ராடு எம்2ஏ1-க்குள் படுக்காது, எம்548 மாதிரி நீளமான பெட்டி வேண்டும். அதுவும் காய்ந்த ராடைக் காய்ந்தபடி வைத்திருக்குமே தவிர, ஈரம் பட்ட 7018 ராடை (ஈரம் ஆகாத ஒரு வகை) சரிசெய்யாது. அதற்கு ராடைச் சூடாக்கிக் காயவைக்கும் ஓவன்தான் வழி. அமெரிக்காவில் ஆற்றுப் படகுப் பயணம் போகிறவர்கள் பெரிய பெட்டிகளைக் கழிப்பறையாகவே கொண்டுபோவார்கள். விளிம்பில் உட்கார்ந்தால் தொடையில் பதியும் இரண்டு கோடுகளால் அதற்கு "குரூவர்" என்று பெயர் வந்தது (ஆங்கிலத்தில் "குரூவ்" என்றால் பள்ளக்கோடு). நாற்றம் வெளியே வராமல் பல நாள் படகில் போகிறது என்பதைவிட அந்த ரப்பருக்கு வேறு சான்றிதழ் தேவையில்லை.

இனி, பேட்டரி. இதை நிதானமாகப் படியுங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரிகளைத் தீக்குப் பயந்து தோட்டாப் பெட்டியில் வைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. ரப்பரோடு கொக்கி போட்டு மூடிய பெட்டிக்குள் ஒரு செல் வெடித்து எரிந்தால் சில நொடிகளில் ஏராளமான வாயு கிளம்பும். போக வழியில்லை என்றால் பெட்டியே குண்டாகிவிடும். இந்த வேலைக்குப் பெட்டியை எடுத்தால் ரப்பரை முழுதாக உரித்து எறிந்துவிடுங்கள். மூடிக்குக் கீழே பக்கச் சுவர்களில் 8 மி.மீ. அளவில் நான்கைந்து துளைகள் போடுங்கள். அடியிலும் சுவரிலும் ஜிப்சம் பலகை அல்லது தரை ஓடு வெட்டிப் பொருத்தினால் இரும்பு பழுக்கக் காய்வது தாமதமாகும். புகை நச்சு, அது வெளியே வரத்தான் செய்யும். அதனால் படுக்கையறையில் வைக்கக் கூடாது. செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துச் சேமிப்பது இந்தத் துளைகளைவிடப் பெரிய பாதுகாப்பு.

ஈய அமில பேட்டரியைப் போட்டு நடமாடும் மின்பெட்டி செய்பவர்களும் இதையே நினைவில் வைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரலாம், காற்று போக வழி வேண்டும். 12 வோல்ட் 18 ஆம்பியர்-ஹவர் பேட்டரி வழக்கமாக 181 மி.மீ. நீளம், 77 மி.மீ. அகலம், 167 மி.மீ. உயரம். எம்19ஏ1-க்குள் அது இறங்கிவிடும், அதுதான் ஆபத்து. மேலே மிஞ்சும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். பெட்டி கவிழ்ந்தாலோ மூடியில் அழுத்தம் விழுந்தாலோ இரண்டு முனையும் இரும்பைத் தொட்டு ஷார்ட் ஆகும். எம்2ஏ1 எடுங்கள், முனைகளுக்கு ரப்பர் தொப்பி போடுங்கள், மூடியின் உட்புறம் ஒரு தடித்த பிளாஸ்டிக் தகடும் ஒட்டுங்கள்.

வேட்டைத் தோட்டாவுக்கான புகையற்ற வெடிமருந்துத் தூளை இதில் கொட்டிவைப்பதும் கூடாது, தீப்பிடித்தால் வாயு போக வழியில்லை என்ற அதே காரணத்தால். அது வந்த டப்பாவிலேயே இருக்கட்டும். ஆவணங்களைத் தீயிலிருந்து இது காப்பாற்றாது. சூட்டைத் தடுக்க உள்ளே எதுவும் இல்லை, காகிதம் கருகிவிடும். நீச்சல் குளத்துக் குளோரின் மாத்திரை உள்ளிருந்தே இரும்பை அரித்துவிடும். ரேடியோ அலையைத் தடுக்கும் கூண்டு என்று விற்பதையும் நம்ப வேண்டாம், மூடிக்கும் உடம்புக்கும் நடுவே ரப்பரும் பெயின்ட்டும் இருப்பதால் சுற்றிலும் மின்தொடர்பு அறுந்த ஓர் இடைவெளி இருக்கிறது. உணவுப் பொருளை நேராகப் போடாதீர்கள். ஈயத் தூசி ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. சோப்புத் தண்ணீரில் கழுவியபிறகும் மூடி போட்ட இன்னொரு டப்பாவில் வைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

பெயின்ட் வேலைக்கு இறங்கினால் முதலில் ரப்பரைக் கழற்றுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயமோ குரோமேட்டோ இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்க்காமல், தண்ணீர் உப்புத்தாளால் நனைத்து, முகக்கவசம் போட்டுத் தேய்க்க வேண்டும். துரு அடிப்பக்க ஓரத்திலும் வெல்டிங் புள்ளிகளிலும் தொடங்கும். அங்கே பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி, பிறகு துத்தநாக பிரைமர், மேலே இரண்டு பூச்சு. விளிம்பில் கனமாகப் பூசாதீர்கள். பூசியபின் ஒரு வாரமாவது மூடாமல் காயவிடுங்கள். அவசரப்பட்டு மூடினால் பெயின்ட் ரப்பரில் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது உரிந்து வரும். அந்தச் செதில் ரப்பரில் இருக்கும்வரை பெட்டி கசியும்.

மஞ்சள் எழுத்துகளில் தோட்டா வகை, எண்ணிக்கை, லாட் எண் அச்சடித்திருப்பார்கள், சிலவற்றில் வெடிபொருள் குறிக்கும் ஆரஞ்சு வில்லையும் இருக்கும். அழகுக்காக அதை விட்டுவைக்கும் ஆசை வரும். வீட்டுக்குள் இருக்கும்வரை விடலாம். தபாலிலோ கூரியரிலோ அனுப்புவதானால், பொது இடத்தில் வைப்பதானால், ஜியோகேஷிங் (ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் வைத்துத் தேடும்) விளையாட்டுக்கு ஒளித்துவைப்பதானால் முழுதாக மறைத்துப் பூசி, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெளிவாக எழுதிவிடுங்கள். பார்ப்பவர் வெடிகுண்டுப் பிரிவுக்குச் சொல்லியனுப்புவது அவர் தப்பல்ல.

பொதுச் சந்தைக்கென்றே புதிதாகச் செய்து வரும் நகல் பெட்டிகள் துருவில்லாமல் பளபளப்பாக இருக்கும். பலவற்றில் தகடு மெல்லியது, கொக்கியின் இழுப்பு தளர்ந்தது. காகிதத் துண்டுச் சோதனையில் மூலைகளில் தோற்கும். பிளாஸ்டிக் பெட்டிகள் துருப்பிடிக்காது, எடை குறைவு, ஆனால் நான்கைந்தை அடுக்கினால் மூடி தொய்ந்து ரப்பர் விலகும். தூறல் தாங்கும், முங்கினால் தாங்காது.

கைப்பிடி பற்றிக் குறை சொல்லத்தான் வேண்டும். பெல்ட்டாக 100 தோட்டாவோடு எம்2ஏ1 சுமார் 16 கிலோ, அந்தப் பாரத்துக்குத்தான் பிடி செய்திருக்கிறார்கள். பிடி பிய்ந்து வராது, விரலை அறுக்கும். தோட்டக் குழாய்த் துண்டைப் பிளந்து சுற்றினால் தூக்கலாம், ஆனால் பிடி தட்டையாகப் படியாததால் மேலே இன்னொரு பெட்டியை அடுக்க முடியாது. பூட்டு வேண்டுமானால் அதற்கான பூட்டுச் சாமான் வாங்கிப் பொருத்துங்கள். துளை கொக்கிப் பகுதியோடு நிற்க வேண்டும், பெட்டிக்குள் ஊடுருவினால் ரப்பர் இருந்தும் பயனில்லை. வெல்டிங் செய்வதானால் மூடியைக் கழற்றித் தள்ளிவைத்துவிட்டுச் செய்யுங்கள்.

சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் இரண்டு ரீப்பர் கட்டையின் மேல் வையுங்கள், அடித்துரு வராது. காலியாக மாதக்கணக்கில் கிடக்கப்போகும் பெட்டியின் கொக்கியைப் போடாமல் மூடியை மட்டும் சாத்திவையுங்கள், அழுந்தாமல் கிடக்கும் ரப்பர் நீண்ட நாள் மீள்தன்மையோடு இருக்கும்.