செதுக்குமணி அச்சுப் பெட்டி: யார் வாங்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

பதினெட்டாம் நூற்றாண்டில் ரோமுக்குப் பயணம் போன ஆங்கிலேய, ஜெர்மானியப் பிரபுக்கள் ஊர் திரும்பும்போது தவறாமல் வாங்கிச் சென்ற பொருள்களுள் ஒன்று, புத்தகம் போலத் திறக்கும் பெட்டிக்குள் வரிசையாக ஒட்டப்பட்ட வெள்ளைப் பிளாஸ்டர் அச்சுகள். பண்டைய கிரேக்க, ரோமானியச் செதுக்குமணிகளிலிருந்தும் (உருவம் செதுக்கிய சிறு மணிக்கற்கள்), அவற்றை ஒட்டி அக்காலக் கலைஞர்கள் புதிதாகச் செய்த நவசெவ்வியல் மணிகளிலிருந்தும் எடுக்கப்பட்ட அச்சுகள் அவை. இத்தாலியச் சிறு பட்டறைகள் சில இன்றும் இத்தகைய பெட்டிகளைச் செய்து இணையத்தில் விற்கின்றன. அவற்றுள் ஒன்றை வரவழைத்தேன். நான்கு தட்டுகள், தட்டுக்குப் பன்னிரண்டு அச்சுகள், ஒவ்வோர் அச்சைச் சுற்றிலும் பொன்விளிம்புக் காகிதப் பட்டை, கூடவே ஒரு விவரத்தாள். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே சரக்கைச் சிற்சில மாற்றங்களுடன் பலரும் விற்பதால், எதைச் சோதித்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்வதே பயனுடையது.

அசல் மணிகளுக்குப் பிளாஸ்டர் அச்சு ஏழையின் மாற்று என்று நினைக்க வேண்டியதில்லை. இன்டாக்லியோ எனப்படும் குழிவுச் செதுக்கல், மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்தி முத்திரை பதிப்பதற்காகவே பிறந்த கலை. செதுக்குபவர் உருவத்தை இடவலம் மாற்றி, மேட்டைப் பள்ளமாக்கி, பெயரைப் பின்னோக்கி எழுதி, சுழலும் கருவிமுனையில் எண்ணெயும் குருந்தப்பொடியும் தடவி, சூதுபவளத்தையும் செவ்வந்திக்கல்லையும் சிறிது சிறிதாகக் குடைந்தெடுப்பார். தாம் செய்தது சரியா என்று பார்க்க அவ்வப்போது மெழுகில் அழுத்திப் பார்ப்பார். ஆகவே அவர் மனத்தில் கண்ட உருவம் கல்லில் தெரிவதைக் காட்டிலும் அச்சில்தான் முழுமையாகத் தெரிகிறது.

சேகரித்த பிரபுக்களும் இதை அறிந்திருந்தார்கள். மற்றவர் பெட்டகத்தில் இருந்த மணிகளைப் பெரும்பாலும் அச்சுகள் வழியாகவே அவர்கள் அறிந்தார்கள், ஒப்பிட்டார்கள், சண்டையிட்டார்கள். டிரெஸ்டனில் பிலிப் டேனியல் லிப்பர்ட் அச்சுகளைப் புத்தக வடிவப் பெட்டிகளில் அடுக்கி விற்றார். லண்டனில் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டாசி, கண்ணாடிக் கலவையில் நகலெடுத்து அதையே பெருந்தொழிலாக்கினார்; ரஷ்யப் பேரரசி கேத்தரீன் அவரிடம் ஒரு முழுத் தொகுப்புக்கே ஆணை கொடுத்தார். 1791இல் வெளிவந்த டாசியின் பட்டியலில் ஏறத்தாழ 15,800 பதிவுகள் இருந்தன. செதுக்குநர் நதானியல் மார்ச்சன்ட் ரோமில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு லண்டன் திரும்பி, 1792இல் தம்முடைய நூறு மணிகளின் அச்சுகளுக்குத் தாமே விவரப்பட்டியல் வெளியிட்டார். நான் வாங்கிய பெட்டி இந்த மரபின் நேர் வாரிசு. எனவே அந்த மரபின் அளவுகோலாலேயே அதை அளக்கிறேன்.

வார்ப்பின் கூர்மையில் முதல் தட்டு நன்றாகத் தேறிவிட்டது. அதில் உள்ள ஃபெலிக்ஸ் மணியின் அச்சை மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்துப் பாருங்கள். டிராய் நகரின் காவல் தெய்வச் சிலையைத் திருடிய கிரேக்க வீரன் டயோமிடிஸ், கையில் சிலையும் வாளுமாகப் பலிபீடத்தைக் கடக்கிறான். எதிரே அவன் தோழன் ஒடிசியஸ். நடுவில் ஒரு தூணும் அதன் மேல் ஒரு தெய்வச் சிலையும். நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் இத்தனையும் அடங்கி, டயோமிடிஸின் விலாத் தசைகள் தனித்தனியாக நிழல் விழும் அளவுக்கு அச்சு துல்லியமாக இருக்கிறது. செதுக்கிய ஃபெலிக்ஸின் பெயரும், உரியவரான கல்பூர்னியஸ் செவெரஸின் பெயரும் கிரேக்க எழுத்துகளில் வாசிக்க முடிகின்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் கர்தினால் பிரான்செஸ்கோ கொன்சாகாவிடம் இருந்து, பின்னர் ஆரண்டெல் பிரபுவுக்கும் அதன்பின் மார்ல்பரோ கோமகனுக்கும் போய், இன்று ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் மணி இது. அடுத்திருக்கும் ஸ்ட்ரோசி மெடூசாவும் (அசல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது) குறை சொல்ல முடியாத வார்ப்பு: பாம்புகள் நெளியும் கூந்தலின் மடிப்புகளும் சோலோன் என்ற கையெழுத்தும் தெளிவாக விழுந்திருக்கின்றன.

இரண்டாம் தட்டில் இந்தத் தரம் இல்லை. அதில் உள்ளவை பெரும்பாலும் மோதிரத்தில் பதிக்கும் சிறு மணிகள். விரல்நகத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டியவை. தட்டு நிரம்பித் தெரிய வேண்டும் என்பதற்காகக் கணினி வழியே பெரிதாக்கி வார்த்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடனேயே தெரிகிறது. கருவிமுனையின் தடம் ஊசிமுனைப் புள்ளியாக இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் மழுங்கிய குழிகள். செதுக்குமணிக் கலையின் வியப்பே அதன் சிறுமைதான். அதைப் பெருக்கிக் காட்டினால் சுமாரான புடைப்புச் சிற்பம் ஒன்றே மிஞ்சுகிறது. விவரத்தாளில் அசலின் அளவு ஓரிடத்திலும் இல்லை. கல் எது என்பதும் இல்லை. சூதுபவளமும் அகேட்டும் மேற்கு இந்தியாவின் பரூச் துறைமுகம் வழியாக மேலை நாடுகளுக்குப் போனதை எரித்திரியக் கடல் பெரிப்ளஸ் என்ற பண்டைய கிரேக்கக் கடல்வழிக் கையேடு தெளிவாகக் குறிப்பிடுகிறது. ஒரு மணியின் பொருளைச் சொல்லாமல் விடுவது அதன் பாதி வரலாற்றை மறைப்பதாகும்.

கேமியோக்களில் இந்தக் குறை பன்மடங்காகிறது. கேமியோ என்பது அடுக்கடுக்கான நிறமுள்ள சார்டோனிக்ஸ் போன்ற கல்லில், மேலடுக்கை உருவமாகவும் கீழடுக்கைப் பின்னணியாகவும் விட்டுச் செதுக்குவது. வெள்ளைப் பிளாஸ்டரில் அந்த நிற விளையாட்டு அடியோடு போய்விடுகிறது. பெட்டியின் பெருமையாக விளம்பரத்தில் காட்டப்படும் மார்ல்பரோ கேமியோவையே எடுத்துக்கொள்ளலாம். முக்காடிட்ட குழந்தைகளாகக் காதல் தெய்வம் கியூபிடும் அவன் காதலி சைக்கியும் திருமணத்துக்கு நடத்திச் செல்லப்படும் காட்சி. டிரைஃபோன் என்ற கிரேக்கர் கையெழுத்திட்டது. கரும்பழுப்பின் மேல் வெள்ளை உருவங்கள் ஒளிர்வதும், முக்காட்டுத் துணியின் மெல்லிய இடங்களில் கீழ்நிறம் கசிவதும்தான் அதன் அழகு. பெட்டியில் கிடைப்பது வழுவழுப்பான வெள்ளைக் குழந்தைகள். ஆங்கிலேய மட்பாண்ட நிறுவனமான வெட்ஜ்வுட் இதே காட்சியை நிறப் பின்னணியில் வெள்ளைப் புடைப்பாகச் செய்தது காரணமில்லாமல் அல்ல. கேமியோக்களுக்காக மட்டும் இப்பெட்டியை வாங்க நினைப்பவர்கள் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

மார்ல்பரோ சேகரிப்பைப் பற்றி விவரத்தாள் எழுதியிருப்பது ஒரே வரி. இவ்வளவு சுவையான வரலாற்றை ஒரு வரியில் முடிப்பது அநியாயம். நான்காம் மார்ல்பரோ கோமகன் ஜார்ஜ் ஸ்பென்சர், ஆரண்டெல் பிரபுவின் பழைய மணிகளும் பெஸ்பரோ பிரபுவின் மணிகளும் வந்து சேர, பிளெனிம் அரண்மனையில் ஏறத்தாழ எண்ணூறு மணிகளைத் திரட்டினார். ரெனால்ட்ஸ் 1777–78இல் தீட்டிய அவரது குடும்ப ஓவியத்தில் கோமகன் கையில் ஒரு கேமியோ இருக்கிறது. மூத்த மகன் மணிப்பெட்டியைச் சுமந்து நிற்கிறான். குடும்பப் படத்தில் நாய்க்குட்டிகளோடு மணிப்பெட்டிக்கும் இடம் கொடுத்த மனிதர்! 1875இல் முழுத் தொகுப்பும் 35,000 கினிக்கு டேவிட் ப்ரோமிலோ என்பவரிடம் போனது; 1899இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் ஒவ்வொன்றாகச் சிதறியது. மேற்சொன்ன கேமியோ பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது அப்போதுதான்.

பெரிய பிழை மூன்றாம் தட்டில் இருக்கிறது. ‘பண்டையவை’ என்ற தலைப்பில் அலெக்சாந்தரின் செதுக்குநரான பிர்கோதெலீஸ் கையெழுத்திட்டதாக ஒரு மணியைச் சேர்த்திருக்கிறார்கள். பிர்கோதெலீஸ் செய்தது என்று ஐயமறச் சொல்லத்தக்க ஒரு மணிகூட உலகில் இல்லை. ஹோமரின் காட்சி, அளவுக்கு மீறிய பெரிய உருவம், மெழுகி விட்டதுபோல் மென்மையான தசை ஆகியவற்றை வைத்துப் பார்த்தால், இது போலந்து இளவரசர் ஸ்தானிஸ்லாவ் பொனியடோவ்ஸ்கியின் சேகரிப்பைச் சேர்ந்த வகை என்பதில் எனக்கு ஐயமில்லை. போலந்தின் கடைசி அரசருடைய அண்ணன் மகனாகிய இந்த இளவரசரிடம் ஏறத்தாழ 2,500 மணிகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை, ஹோமர், வெர்ஜில், ஓவிட் ஆகியோரின் கதைகளைக் கொண்டு, ரோமில் அக்காலத்தில் வாழ்ந்த செதுக்குநர்களே செய்திருந்தார்கள். அவற்றின் மேல் பண்டைய கலைஞர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இளவரசர் 1833இல் இறந்தார். 1839இல் லண்டனில் ஏலம் விட்டபோது சந்தேகம் வலுத்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வாங்கிய ஜான் டிரெல், அவை பண்டையவையே என்று பத்திரிகைகளில் வாதாட நேர்ந்தது. பண்டைய மணிகளில் கையெழுத்து அரிதினும் அரிது என்ற எளிய உண்மை ஒன்றே ஐயத்தை எழுப்பியிருக்க வேண்டும்.

இதில் பட்டறைக்கு ஒரு நல்ல வாய்ப்புக் கைநழுவியிருக்கிறது. பொனியடோவ்ஸ்கி மணிகள் பண்டையவை என்ற அளவில்தான் பொய். செதுக்கல் என்ற அளவில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் உச்சங்களுள் அவை அடங்கும். அவற்றை நவசெவ்வியல் தட்டில் வைத்திருந்தால் நான்காம் தட்டுக்கு உயிர் வந்திருக்கும். இப்போது அந்தத் தட்டில் ஜோவன்னி பிக்லரும் மார்ச்சன்டும் தனியாகச் சமாளிக்கிறார்கள். பிக்லரின் மணிகளை வியாபாரிகள் பண்டையவை என்று விற்றுவந்ததால், அவர் தம் பெயரைக் கிரேக்க எழுத்திலேயே பொறிக்கத் தொடங்கினார் என்பார்கள். அந்தக் கையெழுத்து இங்குள்ள அச்சில் அழகாக விழுந்திருக்கிறது. மார்ச்சன்டின் செதுக்கல் மிக மேலோட்டமான ஆழம் கொண்டது. வார்ப்பு சற்றே மட்டமாக இருந்தாலும் முகம் காணாமல் போய்விடும். இங்கே கன்னத்தின் சரிவு அப்படியே நிற்கிறது.

பொதி கட்டியிருந்த விதம் சிறப்பு, ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் பொன்விளிம்புக் காகிதத்தை ஒட்டிய பசை ஈரக்காற்றைத் தாங்குவதில்லை. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது நல்லது. பிளாஸ்டரை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. மென்மையான தூரிகை போதும். சுங்கவரியும் அஞ்சல் செலவும் சேர்ந்து பெட்டியின் விலையைக் கணிசமாக ஏற்றிவிடும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

பட்டறை தட்டுகளைத் தனித்தனியாகவும் விற்கிறது. முதல் தட்டையும் நான்காம் தட்டையும் மட்டும் வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. இரண்டாவதும் மூன்றாவதும் இப்போதுள்ள நிலையில் விலைக்குத் தகுதியானவை அல்ல. வேறு பட்டறையிடம் வாங்குவதானால், அச்சுகள் அசல் அளவில் உள்ளனவா, பழைய அச்சுத் தொகுப்பு எதிலிருந்து வார்க்கப்பட்டவை, ஒவ்வொரு மணியும் இப்போது எந்த அருங்காட்சியகத்தில் உள்ளது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் செவ்வியல் கலை ஆய்வு மையம் மார்ல்பரோ, பொனியடோவ்ஸ்கி தொகுப்புகளை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. விற்பவர் சொல்லும் பதிலை அங்கே ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் அனுப்பலாம்.