‘மேங்கோ’ என்ற பலகையும் கிருஷ்ணகிரிக் கடையின் மாங்காயும்

கிருஷ்ணகிரியிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில், மாம்பழப் பருவத்தில் மட்டும் திறந்திருக்கும் ஒரு கடைக்கு ஜூன் மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சென்று வந்தேன். கீற்றுக் கொட்டகை, ஒரு தராசு, வைக்கோல் பரப்பிய தரை, கூடைகள், அவ்வளவுதான் கடை. முகப்புப் பலகையில் ‘மேங்கோ’ என்ற ஒற்றைச் சொல் தமிழ் எழுத்தில் இருக்கிறது.

செந்தூராவையும் பங்கனப்பள்ளியையும் இங்கே வைக்கோலில் வைத்துப் பழுக்க வைக்கிறார்கள். கார்பைடு கல் வைப்பதைச் சட்டம் தடை செய்திருந்தும், தோல் முழுக்க ஒரே மஞ்சளாகவும் கொட்டையருகே வெறும் புளிப்பாகவும் இருந்த பழங்களை வேறு இடங்களில் வாங்கி ஏமாந்தவன் என்பதால், காம்படியில் முகர்ந்ததுமே மணம் எழுந்தது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. நான் எடுத்த பழம் ஒன்றைக் கடைக்கார அம்மா திரும்ப வாங்கி அழுத்திப் பார்த்து, “இது நாளான்னிக்குத்தான் ஆவும் சார், இன்னிக்கே அறுத்துடாதீங்க” என்றார்.

ஆனாலும் இந்தக் கடையின் சிறப்பு பழமன்று, காய்தான். மாங்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் அதே தோத்தாபுரியை, நாம் கிளிமூக்கு என்று சொல்லும் ரகத்தை, செங்காயாக இருக்கும்போதே கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிறார்கள். புளிப்பு அடங்கி இனிப்பு தொடங்கும் அந்தப் பதம் இவர்களுக்குக் கைவந்திருக்கிறது.

அதைத் தின்றுகொண்டே பலகையைப் பார்த்தபோதுதான் அந்தச் சொல்லின் பொருத்தம் புரிந்தது. ஆங்கிலத்துக்கு ‘மேங்கோ’ போர்த்துகீசியரின் ‘மங்கா’ வழியாக 16ஆம் நூற்றாண்டில் போனது. அதன் நேரடி மூலம் மலையாளத்தின் மாங்ஙாவா நம் மாங்காயா என்பதில் அகராதிகள் வேறுபட்டாலும், இரண்டிலும் உள்ளவை ‘மா’, ‘காய்’ என்னும் சொற்களே. ஆகவே ஆங்கிலத்தில் எவ்வளவு கனிந்த பழமும் பெயரளவில் காய்தான். 1753இல் தாவரவியலாளர் லின்னேயசு இட்ட ‘மாஞ்சிஃபெரா இண்டிகா’ என்ற அறிவியல் பெயரிலும் அந்தக் காய் ஒளிந்திருக்கிறது.

பழம் நீண்ட கடற்பயணத்தைத் தாங்காததால், இங்கிலாந்துக்கு முதலில் பெருமளவில் போய்ச் சேர்ந்தது ஊறுகாய்தான். அதனால் அங்கே ‘மேங்கோ’ என்பதற்கு ஊறுகாய் போடுவது என்ற பொருளும் உண்டாயிற்று. முலாம்பழத்தையும் வெள்ளரியையும் ‘மேங்கோ’ ஆக்கினார்கள். அமெரிக்காவின் ஓஹியோ, இண்டியானா பகுதிகளில் முதியவர்கள் குடைமிளகாயையே ‘மேங்கோ’ என்று சொல்லி வந்ததற்கும் இந்த ஊறுகாய் வழக்கமே காரணம். இக்கடையில் நல்லெண்ணெய் மிதக்க விற்கும் ஆவக்காய் ஊறுகாயை வாங்குபவர்கள் அந்தப் பழைய பொருளையும் சேர்த்தே வாங்குகிறார்கள். காரம் சற்று தூக்கல், துண்டுகள் மூன்று வாரமாகியும் குழையவில்லை.

குறை இரண்டு உண்டு. பழச்சாற்றில் சர்க்கரை மிகுதி; செந்தூராவுக்கு அது தேவையே இல்லை. மற்றொன்று, கட்டித் தரும் பெட்டிகளின் மேலும் காய்க்கும் பழத்துக்கும் ஒன்றுபோல ‘மேங்கோ’ என்றே எழுதுகிறார்கள். பழமென்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டியில் ஒருமுறை முழுக்கக் காய்கள் இருந்தன. ஆங்கிலம் இழந்துவிட்ட வேறுபாடு நம் மொழியில் உயிரோடு இருக்கையில், மாங்காய், மாம்பழம் என்று எழுதினால் போதும். அம்மாவிடம் சொன்னேன், உடனே கரிக்கட்டியை எடுத்து என் பெட்டியில் ‘பழம்’ என்று எழுதித் தந்தார்.

செங்காய் நண்பகலுக்குள் தீர்ந்துவிடுகிறது, காலையிலேயே செல்லுங்கள்.